மாட்டின் முகத்துக்கு வைத்த ஜன்னல்

சாயர்புரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் வெள்ளைக்காரன் காலத்து மாதிரிப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே மாடு பார்ப்பதும் பால் கறப்பதும் என் வேலை. பழைய தொழுவத்தைக் கட்டிய மகராசன் யாரோ, மாட்டை நினைத்துக் கட்டியிருக்கிறான். கிழக்குச் சுவர் ஜன்னல்கள் மாட்டின் முகமட்டத்தில் இருக்கும். மனுசன் குனிந்துதான் வெளியே பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று நேரே மாட்டின் மூக்கில் அடிக்கும். உள்ளே இருக்கிற வெக்கை, ஓட்டு முகட்டில் விட்ட இடைவெளி வழியாக ஏறிப் போய்விடும். தரைச்சரிவில் கோமியம் தானாக ஓடி உரக்குழியில் விழும். சித்திரை வெயிலிலும் மாடு படுத்து அசைபோடும்.

போன வருஷம் அதற்குப் பாரம்பரியக் கட்டடம் என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும், எனக்கென்ன? ஆனால் பாரம்பரியத்தில் சாணி நாறக்கூடாதாம்! மாடுகளைப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் கட்டச் சொல்லிவிட்டு, தொழுவத்துக்கு வெள்ளையடித்து, ஃபைபர் மாடுகளை வரிசையாக நிறுத்தினார்கள். கடல்காற்று இப்போது பொம்மை மூக்கில் அடிக்கிறது. வயிறு எரியாதா?

தகரத்தின் கீழ் ஒரு செவலைப் பசு நிறைசினையாக நின்றது. நாக்கு வெளியே தள்ள, நுரை ஒழுக இரைத்தது. பண்ணை அதிகாரியிடம் போனேன்.

"சார், ஈனுத வரைக்கும் இத பழைய தொழுவத்துல ஒரு மூலையில கட்டிக்கிடுதேன். நானே கழுவி விட்டுருதேன்."

"ஆள் வந்து பாக்குற இடம்க்கா அது. ஃபேன் போட்டுத் தரேன்."

ஃபேன் வந்தது. தகரத்துச் சூட்டை வாரிப் பசுவின் முகத்திலேயே இறைத்தது.

ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பசு நேரே பழைய தொழுவத்துக்குள் போனது. தன் இடத்தில் நின்ற பொம்மையை முட்டித் தள்ளிவிட்டு, ஜன்னலில் மூஞ்சியை வைத்துக்கொண்டது. பொம்மையின் கொம்பு உடைந்தது. அதிகாரி ஓடி வந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"நான் ஒண்ணும் பண்ணல சார். அது எடத்துக்கு அது வந்திருக்கு."

காவல்காரரை வைத்துப் பசுவை விரட்டினார். கொம்பை ஒட்ட மறுநாளே ஆள் வந்தது. கும்பி கூழுக்கு அழுதால் இவர்கள் கொண்டைக்குப் பூ வாங்குகிறவர்கள், வெளங்கிரும்! அந்த வாரமே பசு தகரத்தின் கீழ் செத்த கன்றை ஈன்றது.

கன்று இல்லாமல் பால் சுரக்கவில்லை. மடி கல்லாய் இறுகிவிட்டது. வேறு வழியில்லாமல், செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தினேன். பசு அதை நக்கி நக்கிச் சுரந்தது. நான் அழுதுகொண்டே கறந்தேன். அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"அட, நல்லாருக்கே! வேலை முடிஞ்சதும் இதையும் பழைய தொழுவத்துல வச்சிருவோமா? ஜனங்க ஆசையாப் பாப்பாங்க."

"வையுங்க சார். நீங்களும் பக்கத்துல நில்லுங்க. உள்ள வைக்கோல் அடைச்ச ரெண்டும் சேந்தாப்புல இருக்கட்டும்."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பசு அந்தத் தோலை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.