மில் சங்கும் வெள்ளைத் துணியும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். ஒலுவிலிலிருந்து கல்முனைக்குடிக்கு நான் அப்படித்தான் போனேன். ஊரின் மேற்கே, வயல் தொடங்கும் இடத்தில் இருந்த நெல்லு மில்லில் எஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்தது. உமி எரித்து நீராவியில் ஓடும் எஞ்சின். அந்த ஊரில் நாள் முழுக்க என்னோடு கதைத்தது அது ஒன்றுதான்.

நோன்பு மாதம் வந்ததும் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார் எனக்கு இன்னொரு வேலை தந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கடைசித் தெருவுக்கு எட்டாது. பொழுது பட்டதும், பாங்கு சொல்லும் மோதினார் மினாராவில் ஏறி வெள்ளைத் துணியை வீசுவார். மில்லின் மாடி ஜன்னலில் நிற்கும் நான் அதைப் பார்த்துச் சங்கிலியை இழுத்து எஞ்சினின் நீராவிச் சங்கை ஊத வேண்டும். அந்தச் சத்தத்தில் ஊரே நோன்பு திறக்கும். நான் மட்டும் உமித் தூசிக்குள் நின்று, மடியில் முடிந்து வந்த பேரீச்சம்பழத்தைத் தின்பேன். அந்நேரம் மனைவி வீட்டில் எல்லாரும் ஒரே பாயில் சுற்றி இருந்து கஞ்சி குடிப்பார்கள். அந்தப் பாயில் ஓர் இடத்துக்காக மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இருபது நோன்பு கழிந்த பிறகு ஒருநாள் வானம் மூடிக் கிடந்தது. மினாராவில் வெள்ளை அசைந்தது. யோசிக்காமல் இழுத்துவிட்டேன். பெருநாளுக்குச் சுண்ணாம்பு பூச ஏறியிருந்தவன் தன் தோள் துண்டை உதறியிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பொறுமை இல்லாதவன் நான்தான். பத்து நிமிடம் கழித்துத்தான் உண்மையான துணி ஆடியது. பொழுது படுமுன் திறந்ததால் ஊர் முழுக்க அன்றைய நோன்பு போயிற்று. பெருநாள் முடிந்து எல்லாரும் அதற்குப் பதிலாக ஒரு நோன்பு பிடிக்க வேண்டியதாயிற்று.

மரைக்கார் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நாளையில இருந்து நாங்க பள்ளியில வெடி போடுறம், மருமகன். நீங்க ஊட்டுல இருந்து ஆறுதலா நோன்பு திறங்க" என்றார். ஊருக்கு வந்த மாப்பிள்ளை என்பதால் அவருக்கும் நான் மருமகன்தான்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மறுநாள் பாயில் உட்கார்ந்தேன். மனைவி கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்தாள். வெடி கேட்டது. நான் கோப்பையில் கை வைத்ததும் மனைவியின் தம்பி, "இது ஒழுங்கான வெடிதானா, மச்சான்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கோப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் பொழுது படுமுன்பே, வேலை இருக்கிறதென்று பொய் சொல்லி மில்லுக்குப் போய்விட்டேன். மாடி ஜன்னலில் நின்றேன். தூரத்தில் வெடி கேட்டது. சங்கிலி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது; அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். ஊரே என் கைக்காகக் காத்திருந்த மாலைகளையா இவ்வளவு நாளும் தனிமை என்று நொந்துகொண்டேன்?