பேஸ்மென்றில் பொங்கிய பியர்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்றில் பியர் வெடித்தது.

நம்ப முடியவில்லையா? எனக்கும்தான்!

என் கணவருக்குப் புதுப் பொழுதுபோக்கு — வீட்டிலேயே பியர் காய்ச்சுவது. பெரிய பிளாஸ்ரிக் வாளியில் மோல்ற் என்ற முளைதானியக் கரைசலை ஊற்றி, ஈஸ்ட் தூவி, இறுக்கி மூடிவிடுவார். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற மூடியில், தண்ணீர் விட்ட ஒரு சின்னக் குழாய். இம்முறை ஆசை கூடிப்போய், வாளியை விளிம்புவரை நிரப்பிவிட்டார். நுரை எழும்ப இடம் வேண்டாமா?

அதே பேஸ்மென்றில்தான் என் தம்பி சுதன் இருக்கிறான். குடியால் குடும்பத்தைப் பிரிந்து வந்தவன். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. அவனோடு ஒருமுறை பேசிப்பார்க்க அவன் மனைவி வாணி அன்றைக்குத்தான் சம்மதித்திருந்தாள். ஒஷாவாவுக்குப் போய் நானே அவளைக் காரில் கூட்டிவந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால்... குப்பென்று பியர் மணம்!

வாணியின் முகம் வெளுத்துவிட்டது. “இதைக் காட்டத்தானோ மச்சாள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

படியிறங்கி ஓடினேன். அவளும் பின்னால் வந்தாள்.

கீழே சுதன் வாளியின் மூடியை இரண்டு கையாலும் அமர்த்தியபடி நின்றான். தலையில் நுரை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சீலிங்கிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பார்வை பார்த்தாள் வாணி. திரும்பிப் படியேறத் தொடங்கினாள்.

அவன் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து மேசையில் ஸ்பீக்கரில் கிடந்த போன் கத்தியது. பிறம்ரனில், வேலையிடத்தில் நிற்கும் என் கணவர்!

“சுதன், இன்னும் பொங்குதோ? மூடிக்கு நேரை முகத்தை வைக்காதை! அந்தத் தடிச்ச குழாயை ஓட்டையிலை செருகி, மற்றப் பக்கத்தைத் தண்ணி வாளிக்கை விடு!”

“விட்டிட்டன் அத்தான். சின்னக் குழாய் நுரையிலை அடைச்சு மூடி பறந்திட்டுது. திரும்பப் போட்டு அமத்திக்கொண்டு நிக்கிறன்.”

வாணி நின்றாள். மெல்ல இறங்கி வந்தாள். அவனுக்கு எதிரே போய் நின்று, “வாயைத் திறவுங்கோ” என்றாள்.

திறந்தான். பல் வைத்தியரிடம் திறப்பதுபோல.

அவள் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தாள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்... நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

“குடிக்கேல்லை” என்றாள், யாருக்கென்றில்லாமல். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “மொப் எங்கை மச்சாள்?” என்றாள்.

மூன்று பேருமாகத் துடைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வரச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபின் கேட்டேன். “ஏன்ரா, எங்களைக் கண்டவுடனை நீ ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னா நம்புவாளோ அக்கா? எத்தினை பொய் சொல்லியிருப்பன் அவளுக்கு.”

மொப்பைப் பிழிந்து வைத்தான். பிறகு சொன்னான்:

“மணத்தைச் சமாளிச்சிடலாம். அந்தக் குழாய் விடுற குமிழிச் சத்தம்தான்... படுத்தா, காதுக்கை ‘ப்ளக் ப்ளக்’ எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுடைய கட்டிலுக்கும் அந்த வாளிக்கும் நடுவில் ஒரேயொரு சுவர்!

“எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே?”

“இருக்க இடம் தந்தனீங்கள். அதுக்கு மேலை என்னத்தைச் சொல்ல?”

பின்னேரம் என் கணவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டுபோய், மிச்சம் முழுவதையும் ஊற்றிவிட்டு வந்தார்.

அடைக்கலம் தந்த வீட்டில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? தந்தவர்கள்தான் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்கவே இல்லையே!