அவள் வீட்டுக்குக் குடிபோன பள்ளிக்கூடம்

வங்காளத்துப் பவானிபூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குளம் இருந்தவரைக்கும் எனக்கு யாரோடும் பகை கிடையாது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தீதிமணி என்று நாங்கள் கூப்பிடுகிற வங்காளி டீச்சரம்மா ஒருத்தர், வாடகைக்குப் பிடித்த ஒரே கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் நடத்தினார். முதல் பெஞ்சில் ஜன்னலோரம் என் இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் கிள்ளிவிடுவேன்.

அந்தக் குளத்தை மண்ணைக் கொட்டி மூடினார்கள். வண்டி வண்டியாகச் செங்கல் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாக மாடி வீடுகள் எழும்பிவிட்டன. வீடு கட்டினால் குடித்தனம் வரும், குடித்தனத்தோடு பிள்ளைகளும் வருவார்கள், அதுகளை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு மகானுபாவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மூன்று பேர் உட்கார்ந்த பெஞ்சில் ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மிச்சப் பேருக்குத் தாழ்வாரத்தில் பாய்.

இன்னொரு இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும், பிள்ளைகள் கட்டுகிற சம்பளத்தை உயர்த்தாமல் முடியாது என்று தீதிமணி சொல்லியனுப்பினார். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா வெற்றிலையை மென்றபடி, "கையெழுத்துப் போடத் தெரிஞ்சாச்சு. பொண்கொழந்தைக்கு இது போறாதா? இந்தச் சரஸ்வதி பூஜையோட நிறுத்திடலாம்" என்றார்.

யார்மேல் கோபித்துக்கொள்வது? குளத்தை மூடினவர்களை எனக்குத் தெரியாது. என் ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்தவளைத் தெரியும். கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி, புது மாடி வீட்டுக்குக் குடிவந்த அதிகாரியின் பெண். என் வயதுதான். தீதிமணியே அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து என் இடத்தில் உட்கார்த்தினார். காதில் சிவப்புக்கல் தோடு. வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அந்த நாலடி தூரத்துக்கும் துணைக்கு ஒரு வேலைக்காரி, தலைக்குமேல் குடை! என்ன ராங்கி என்கிறீர்கள்!

வங்காளத்தில் சரஸ்வதி பூஜை குளிர் விடுகிற சமயத்தில் வரும். அதற்கு முன்னால் இலந்தைப்பழம் தின்னக் கூடாது, தின்றால் படிப்பு வராது என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். நவராத்திரியிலேயே சரஸ்வதியைக் கும்பிட்டு முடித்துவிட்டு வந்தவளுக்கு எப்படித் தெரியும்? பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால், வேலைக்காரி யாரோடோ வாயடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தெருக்கோடி மரத்தடியில் மடி நிறையப் பொறுக்கி, கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றாள். அப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கும் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தின்னுடி அம்மா, நன்றாகத் தின்னு என்று மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். சரஸ்வதி இவளைச் சும்மா விடமாட்டாள். இவள் தொலைந்தால் என் இடம் எனக்கு. இடம் கிடைத்தால் அப்பா எதற்கு என்னை நிறுத்தப்போகிறார்?

பூஜையன்று பட்டினியாக, மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு அம்மாவோடு போனால், பள்ளிக்கூடத்தில் வழக்கமாக வைக்கிற சரஸ்வதியைக் காணோம்! கும்பகோணத்துக்காரியின் மாடி வீட்டுக் கீழ்க்கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். கீழ்த்தளம் முழுவதையும் அவளுடைய அப்பா வாடகையில்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டாராம். இனி பள்ளிக்கூடமே அங்கேதானாம். சம்பளமும் ஏறாதாம். அதாவது, நான் படிப்பை விட்டு நிற்க வேண்டாம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? எனக்கோ வயிறு பற்றி எரிந்தது. பழத்தைத் தின்றவள் அவள். வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள் நான். சரஸ்வதி குடிபோனது அவள் வீட்டுக்கு! சாமிக்கும் மாடி வீடுதான் பிடிக்கும் போலிருக்கிறது.

என் அம்மா அந்தப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். "அழாதேங்கோ மாமி. பொண்ணு வளந்துட்டா, இனிமே வாசப்படி தாண்டப்படாதுன்னு எங்காத்துப் பெரியவா சொல்லிட்டா. படிப்பை விட இவருக்கு மனசு வரலை. அதான் பள்ளிக்கூடமே இங்கே வரட்டும்னுட்டார்" என்றாள் அந்த மாமி. அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

புது இடத்தில் தாராளமாக உட்கார்ந்தோம். தெருப்பக்கத்து ஜன்னலோரத்தை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. உன் வீட்டு ஜன்னலை நீயே கட்டிக்கொண்டு அழு என்று நான் முறைத்தேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து வாசப்படிக்கு உள்ளேயே நிற்பாள். வீட்டுக்கார எஜமானி எங்களை வழியனுப்புகிறாளாக்கும் என்று பொருமுவேன்.

"எந்த வழியாப் போறே? அந்த எலந்த மரத்துல இன்னும் பழம் இருக்கா?" என்று கேட்பாள்.

"நெறைய இருக்கே!" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே தெரு முழுக்கக் குதித்துக் குதித்து ஓடுவேன். தெருக்கோடியில் திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டே இருப்பாள். அவ்வளவு ஆசையாகப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறதென்று எனக்கு அப்போது தெரியவில்லை.