கல்லுளிமங்கனும் கப்பல் கதவும்

என் கணவருக்கு ஒரகடத்தில் பிரஸ் ஷாப் வேலை. தகடு அடிக்கும் மிஷின் சத்தத்துக்காகக் காதில் இயர்பிளக் வைத்துக்கொள்வார். வீட்டிலோ, எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். நான் அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன்; அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சத்தமாகவே அப்படிக் கூப்பிடுவேன்.

போன மார்கழியில் கம்பெனி எங்களைக் குடும்பத்தோடு கப்பல் பயணத்துக்கு அனுப்பியது. முதல் நாள் முழுக்க எனக்கு வாந்தி, தலைசுற்றல். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாத்ரூமுக்குள் போன என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. சிக்கிக்கொண்டது. "இன்னாங்க, கதவ தொறங்க!" என்று தட்டினேன், கத்தினேன். பதிலில்லை. கப்பல் இன்ஜின் சத்தத்துக்குக் காதில் இயர்பிளக்கை வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்று நினைத்து, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம்கூட வரவில்லை.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்தான் வெளியிலிருந்து கதவைத் தள்ளித் திறந்தார்.

என் கணவர் தூங்கவில்லை. அதே ஜன்னலோரம், நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இயர்பிளக் இரண்டும் மேஜைமேல் கிடந்தன. நனைந்த புடவையோடு என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இன்னா ஆச்சி? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

ஊர் திரும்பியதும் காது டாக்டரிடம் போனோம். பாதிக்கு மேல் கேட்கவில்லையாம்.

இப்போதெல்லாம் முன்னால் போய் நின்று, தோளைத் தொட்டு, அவர் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுகிறேன். ஒருநாள் அப்படி நின்று, "உங்களுக்கு நான் வச்ச பேரு நெனப்பு இருக்குதா?" என்று கேட்டேன்.

"எந்தப் பேரு?" என்றார்.