இடது பக்கப் பின்கதவு

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண் அந்தக் கறுப்புக் காரில் வந்து இறங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்தது, படகு போல நீளம். ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை வைத்திருந்து, சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. ஒரு பழைய கிடங்கின் பின்னால், பின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில், அதை நானும் என் கூட்டாளியும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

கூட்டாளிக்கு சாலாக் செலாத்தானில் வொர்க்‌ஷாப். துருவைச் சுரண்டிப் பழைய அழகுக்குக் கொண்டுவந்ததோடு அவன் நிறுத்தவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க இளவட்டங்கள் வேகத்துக்காக என்னென்ன செய்தார்களோ அத்தனையும் செய்தான். ஒரு கார்பரேட்டர் இருந்த இடத்தில் வரிசையாக மூன்று. இரட்டைப் புகைக்குழாய். தரையிலிருந்து முளைத்த கியர். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தக் கெட்டியான புது ஸ்பிரிங் பட்டைகள். “எத்தன மூட்ட அரிசி ஏத்தினாலும் இறங்காதுடா” என்று பின்பக்க மூடியின் மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். இறங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கப் பார்த்தும் முடியவில்லை.

முதல் தடவை துறைமுக ஊரான கிள்ளானுக்குத் தனியாக ஓட்டிப்போனேன். பட்டப்பகல். சுபாங் ஜெயா வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், நெடுஞ்சாலை ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலுக்குள் நுழைந்ததும் எஞ்சின் அடங்கியது. இருமவில்லை, குலுங்கவில்லை. பழகிய டிரைவர் பழகிய இடத்தில் நிறுத்துவது போல ஓரமாக உருண்டு நின்றது. ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். இடது பக்கப் பின்கதவு மெதுவாகத் திறந்து, யாருக்காகவோ பிடித்துக்கொண்டிருப்பது போல அப்படியே நின்றது.

எனக்குத் தெரிந்த சாமிப் பெயர்களை எல்லாம் சொன்னேன். கையிருப்பு தீர்ந்ததும் அன்று காலை ரேடியோவில் கேட்ட வானிலை அறிக்கையைச் சொல்ல ஆரம்பித்தேன். கடைசியில் இறங்கி, தூரத்தில் நின்றுகொண்டு, குடைக் காம்பால் கதவைத் தள்ளிச் சாத்தினேன். சாவியைத் திருப்பியதுமே கார் கிளம்பியது.

“கார்பரேட்டர் சூடு. மூணு இருக்குல்ல, பெட்ரோல் ஆவியாயிடும்” என்றான் கூட்டாளி. “கதவு லாட்ச் தேஞ்சிருக்கும். மாத்திட்டா முடிஞ்சது லா.”

மாற்றினான். அடுத்த தடவை அவனும் கூட வந்தான். அதே மரம், அதே நிழல், கார் நின்றது. புது லாட்ச் ‘டக்’ என்றது.

“கிள்ளானுக்குப் போறப்ப மட்டும்தான் நிக்குது. திரும்பி வர்றப்ப நிக்கல. சூடுக்குப் போற வழி, வர்ற வழி எல்லாம் தெரியுமாடா?” என்று கேட்டேன். அவன் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். எதையும் கழற்றிப் பார்க்கிறவன் பெட்டியை மூடியதுதான் கதவை விட என்னை அதிகம் பயமுறுத்தியது.

மரத்தடியில் வடை விற்றுக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இந்தக் காரு இன்னுமா ஓடுது?” என்றார். அந்த இடத்தில் முன்பு இருந்த தோட்டத்தில் பிறந்தவராம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மரம் மட்டும் மிச்சம்.

“தொரை வீட்டுப் பிள்ளைங்கள ஒரு ஆயா பாத்துக்கிச்சு தம்பி. ஊருக்குப் போறப்ப ஒன்னையும் கூட்டிட்டுப் போறோம், கப்பல் ஏறுற அன்னிக்கு மரத்தடியில நில்லு, காரு வரும்னு சொல்லியிருந்தாங்க. விடிஞ்சதும் பெட்டியோட வந்து நின்னுச்சு. காரும் வந்துச்சு. நிக்காமப் போயிருச்சு. சாயங்காலம் டிரைவரு வெறுங்காரத் திருப்பிக் கொண்டாந்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நின்னுச்சு. தெனம் காலையில பெட்டியோட வந்து நிக்கும். சாவுற வரைக்கும்.” திறந்திருந்த கதவை ஒருமுறை பார்த்தார். “வடை சூடா இருக்கு, வேணுமா?”

வீட்டில் மூச்சு விடவில்லை. சம்பந்தி வீட்டு ஆசை ஒரு பக்கம், முகூர்த்தம் ஒரு பக்கம். பெண் மரத்தடியில் மாட்டிக்கொண்டால் கிள்ளான் கோயிலில் மாப்பிள்ளை தாலியை யாருக்குக் கட்டுவார்? யோசித்து ஒரு திட்டம் போட்டேன். பழைய கிள்ளான் சாலை வழியாகச் சுற்றிப் போனால் மரமே கண்ணில் படாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன். இரவெல்லாம் மழை. காலையில் பழைய கிள்ளான் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர்.

ஆக, நெடுஞ்சாலைதான். நான் ஓட்டினேன். கூட்டாளி பட்டு வேட்டியுடனும் ஸ்பேனர் பெட்டியுடனும் பக்கத்தில். புடவை கசங்கக் கூடாதென்று பின் இருக்கை முழுக்கத் தங்கைக்கே. சொந்தக்காரர்களின் கார்கள் எங்களை முந்திக்கொண்டு போயின. மரம் வந்தது. கார் நின்றது. ‘டக்.’

கதவைச் சாத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. கதவு மறுபடி திறந்தது. கூட்டாளி பானெட்டுக்குள் தலையை விட்டான். நான் ரோட்டில் இறங்கி, காரைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன்.

“அண்ணே, முகூர்த்தம் போயிடும். நீ என்ன காரைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிற?” என்றாள் தங்கை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டாள். “கல்யாண நாளும் அதுவுமா இதச் சொல்ற மூஞ்சியப் பாரு” என்றாள். பிறகு புடவையை ஒதுக்கி வலது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, திறந்த கதவுப் பக்கம் குனிந்தாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. கிள்ளானுக்குத்தான் போறோம். அண்ணன் உங்களத் துறைமுகத்துல கொண்டுபோய் விட்டுருவாரு.”

“யாரு, நானா?” என்றேன்.

கார் இடது பக்கமாக இறங்கியது. நானும் கூட்டாளியும் தார் ரோட்டில் நின்றுகொண்டிருந்தோம். எத்தனை மூட்டைக்கும் அசையாத ஸ்பிரிங் முனகிக்கொண்டே தாழ்ந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அதன் பிறகு எஞ்சின் பட்டுப்போல ஓடியது. காருக்குள் அந்துருண்டை வாசம், நெடுநாள் பெட்டியில் மடித்து வைத்த துணியின் வாசம். தங்கையின் புடவையோ கடையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டேன். லோரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டின. பின்னால் தங்கை ஒரே ஒரு முறை பேசினாள்: “வெயில் படுதா? கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க.” கூட்டாளி ஸ்பேனர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். “ரோட்டுப் பக்கமா ஏண்டி இறங்குற!” என்று வலது கதவால் இறங்கிய தங்கையைப் பார்த்து அத்தை கத்தினார். தாலி ஏறியது. தங்கையின் கையில் பொரி போட்டேன். பாதி கீழே கொட்டியது. என் கண் வாசலில் நின்ற காரின் மேல் இருந்தால் பொரி என்ன செய்யும்? பந்திக்குப் போகும் வழியில் அவள் என் பக்கம் சாய்ந்து, “இன்னும் இங்கயா நிக்கிற? காருல காத்துக்கிட்டு இருக்காங்கல்ல” என்றாள்.

கூட்டாளியைத் தேடினேன். பந்தியில் இருந்தான். “நீ போயிட்டு வாடா, ஒனக்கு எடம் பிடிச்சு வைக்கிறேன்” என்றான், இலையிலிருந்து தலை தூக்காமல்.

தனியாகத்தான் போனேன். இல்லை, தனியாகப் போகவில்லை. அதுதானே பிரச்சினை. துறைமுக வாசலுக்கு அருகில் உச்சி வெயில், தூரத்தில் கப்பல்களின் புகைபோக்கிகள். இறங்கி, இடது பக்கப் பின்கதவைத் திறந்து, துரை வீட்டு டிரைவர் போல ஒதுங்கி நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஸ்பிரிங் முனகியது. கார் மெல்ல மேலே எழும்பியது. அந்துருண்டை வாசம் என்னைத் தாண்டிக் கடல் பக்கம் போனது.

அந்தப் பதற்றத்தில், நம் வீட்டு வாசலில் விருந்தாளியிடம் சொல்வதையே என் வாய் சொல்லிவிட்டது.

“போயிட்டு வாங்கம்மா.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரைத் திரும்பி வரச் சொல்கிறேன்! இல்லை, வராதீங்க, அப்படியே போயிடுங்க என்று திருத்திச் சொல்லலாம்தான். அத்தனை காலம் காத்திருந்தவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மரத்தடியில் கார் பிறகு நிற்கவே இல்லை. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் கிள்ளானிலிருந்து திரும்பும்போது, துறைமுகச் சாலை வந்து சேரும் இடத்தில், எஞ்சின் லேசாகத் தயங்குகிறது. கதவு இதுவரை திறந்ததில்லை. ஆனாலும் பின் இருக்கையின் இடது ஓரத்தை நாங்கள் காலியாகவே வைத்திருக்கிறோம். தங்கையின் கணவர் இத்தனை வருஷமாக நடுவில் உட்கார்ந்துதான் வருகிறார். ஏன் என்று கேட்கும்போதெல்லாம், “அந்தப் பக்கம் ஸ்பிரிங் சரியில்ல மாப்பிள்ளை” என்கிறேன்.