கோழிக்குப் போட்ட ஓட்டு

ஆயர் ஈத்தாம் ஊரில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஜனநாயகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் போயும் விட்டது. கொண்டுவந்தவர் சித்தி, அம்மாவின் தங்கை.

சித்திக்குப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் முதல் வகுப்பு. புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு அரசியல் அறிவியலின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடத்தில் சித்தி புலி. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் போதும், நாக்கு சிக்கிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முன்பு ஒரு கல்லூரி வேலை இதனாலேயே போயிருந்தது. இதுவும் போனால் இனி வகுப்பறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் எங்களிடம் ஒத்திகை பார்க்க வந்திருந்தார்.

“அ... அரசு... அரசுன்னா...” அதற்குமேல் நகரவில்லை. அண்ணன் கொட்டாவி விட்டான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், குறட்டையோடு. சித்தியின் முகம் சுண்டிப்போனது. ஒன்பது வயதுக்காரியான எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொலைக்காட்சியில் கார்ட்டூன் போய்க்கொண்டிருக்கிறதே என்ற கவலை அதைவிடப் பெரிது.

சித்தி தாளை மடித்து வைத்தார். “ச... சரி, ஓட்டு போட்டுப் பாப்போம். ராத்திரிக்கு என்ன சாப்பாடு? நீங்களே முடிவு பண்ணுங்க.”

படித்தவர் செய்கிற காரியமா இது! தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா பால்குடம் எடுக்க வேண்டிக்கொண்டு விரதம் இருந்ததால் வீடு முழுக்கச் சைவம். கீழே கடையில் கோழி பொரித்தால் அண்ணன் ஜன்னலோரம் போய் நின்று மூச்சை இழுத்துக்கொள்வான். அப்படிப்பட்ட வீட்டில் ஓட்டு வைத்தால் என்ன ஆகும்? அண்ணன் கோழிக்குக் கை தூக்கினான். நானும் தூக்கினேன். விழித்துக்கொண்ட அப்பா, அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதிக் கையைத் தூக்கினார். கோழி அமோக வெற்றி.

“நாசி கண்டார் தாபாவ் பண்ணிட்டு வந்துடறேன் லா,” என்று கடைச் சோறும் கோழியும் கட்டி வாங்கிவர அப்பா கார் சாவியை எடுத்தார்.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். “ஓட்டு போட்டாச்சா? ரொம்ப சந்தோஷம். கை கழுவிட்டு வாங்க, சாம்பார் ஆறுது.”

அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். நாங்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்தவர்களுக்குச் சாம்பாரா?

சித்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அக்கா கத்தல, மிரட்டல. பெரும்பான்மை உங்க பக்கம். அப்புறம் ஏன் அத்தான் சாவிய மாட்டுனீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். “சாம்பார் நல்லாருக்கு லா,” என்றார்.

சித்தி விடவில்லை. கட்டளை என்றால் என்ன, அதிகாரம் என்றால் என்ன, மனம் ஒப்பிக் கீழ்ப்படிவது எது, பயந்து கீழ்ப்படிவது எது என்று சோறு ஆறிப்போகும்வரை பேசினார். ஒரு சொல்லும் சிக்கவில்லை. அம்மா பரிமாறுவதை மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வகுப்பிலும் சித்தி எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொன்னாராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எங்கள் தோல்வி பல்கலைக்கழகம்வரை போய்விட்டதே என்று நான் கொதித்தேன்.

தைப்பூசத்தன்று அம்மா தலையில் பால்குடத்தோடு தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்தார். பக்கத்தில் நான். எங்களுக்கு முன்னால் சித்தி, யார் எவரென்று தெரியாத கூட்டத்தோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனார்.

“எதுக்கும்மா வேண்டிக்கிட்ட? கோழிகூட சாப்பிடாம?” என்று கேட்டேன்.

“சித்தி பேசறது கேக்குதா?” என்றார் அம்மா.

“காதே வலிக்குதும்மா. கொஞ்சம் சும்மா வரச் சொல்லு.”

பால் தளும்பிவிடும் என்று அம்மா சிரிப்பை அடக்கினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.