குசினிக்குப் பின்னால் ஒரு கோயில்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். தொழில் எலெக்ட்ரீஷியன். வயரில் கரண்ட் போகிறதா இல்லையா, அதற்கு மேல் எந்த மர்மமும் எனக்குத் தெரியாது. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் குறை நினைக்க மாட்டேன், என் மனைவியே இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற டண்டினொங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜோர்ஜ் அங்கிள். கிரேக்கர், எண்பது தாண்டியவர். அவர் பிறந்த தீவுக் கிராமம் எங்கள் தெருவை விடச் சின்னது, ஆனால் கிறிஸ்தவக் கோயில்கள் மட்டும் ஒன்பது. புயலில் தப்பி வந்த மாலுமி ஒன்று கட்டினானாம், பிள்ளை கிடைத்த சந்தோசத்தில் ஒருத்தி ஒன்று கட்டினாளாம், அண்ணனோடு கோபித்துக்கொண்ட தம்பி நேர் எதிரே இன்னொன்று கட்டினானாம். இதைக் கேட்டதும் இவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த ஊரை அப்படியே மரத்தில் சின்னதாகச் செய்து தங்கள் கிரேக்கச் சங்க மண்டபத்தில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழா, அன்றைக்குத்தான் திறப்பு. எட்டுக் கோயில்களும் ஒட்டியாகிவிட்டது. ஒன்பதாவதுதான் தலையிடி. அவருடைய அப்பாவும் அம்மாவும் கல்யாணம் கட்டிய கோயில் அது. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது, எங்கே நின்றது என்று சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை.

"பிழையான இடத்திலை வைச்சால், அம்மாவைப் பிழையான வீட்டிலை கட்டிக் குடுத்த மாதிரி," என்று தன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு அதைக் கையில் வைத்தபடி திரிந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். நான் கோயில்களுக்குள் குட்டி பல்ப் பூட்டிக்கொண்டிருந்தேன், அங்கிள் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போயிருந்தார். கறுப்பு உடுப்பும் தலையில் கறுப்புத் துணியும் கையெல்லாம் மாவுமாக ஒரு அம்மா உள்ளே வந்தார். உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. ஒன்பதாவது கோயிலை எடுத்து, "குசினிக்குப் பின்னாலை வையடா தம்பி," என்று சொல்லித் தானே வைத்தார். "ஓம் அன்ரி," என்றேன். சமையலுக்கு வந்த எங்கள் வேதக்காரத் தமிழ் அன்ரி யாரோ என்று நினைத்து, பிறகு பல்பிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "போட்டு வாறன்," என்றார். "ஓம், வாங்கோ," என்றேன்.

அங்கிள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "ஆர் இதை இங்கை வைச்சது?"

நான் ஆங்கிலத்தில்தான் விளக்கினேன், பதற்றத்தில் "குசினி" மட்டும் அப்படியே வந்துவிட்டது. அவர் என் தோளைப் பிடித்து அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர்கள் பாசையிலும் சமையலறைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தானாம், "கூசினா". அந்த அம்மா கோயிலை வைத்திருந்ததும் அந்த மர ஊரில் முந்தித் திருவிழாச் சமையல் நடந்த கட்டடத்துக்குப் பின்னால்.

உடனே ஊருக்கு வீடியோ கோல். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அங்கிளின் மச்சானுடைய மகன் கத்தியோடு போய், இடிந்த சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த பற்றையை வெட்டினான். நம்பினால் நம்புங்கள், கீழே இரண்டு கல் படி, அதற்கு மேல் தேய்ந்துபோன ஒரு பளிங்கு வாசற்படி. அங்கிள் ஃபோனைக் கொஞ்சினார், பிறகு என்னையும் கொஞ்சினார், பாண் முழுக்க நிலத்தில்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கோயிலிலும் விளக்கு எரிந்தது. என்னை இழுத்து வட்டத்தில் ஆடவிட்டார்கள், என் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு என்னை விட நன்றாக ஆடினாள். அப்படியொரு சந்தோசத்தை நான் என் கல்யாணத்தில்கூடக் காணவில்லை. ஆனால் அந்தச் சமையலில் தமிழ் அன்ரி ஒருத்தரும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

"அந்த மனுசி கிரேக்கத்திலைதான் கதைச்சிருக்கும். குசினி எண்ட சொல்லு காதிலை விழ, மிச்சத்தை நீங்களே கட்டிட்டியள்," என்கிறாள் மனைவி.

சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் "போட்டு வாறன்" என்று கிரேக்கத்தில் யார் சொல்வார்கள்? போய்விட்டு வருகிறேன் என்று, திரும்பி வருகிறவர்கள் சொல்கிற சொல் அல்லவா அது. இப்போதும் அந்த மண்டபத்தில் வேலைக்குப் போனால் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிடுவேன். என்ன செய்வது, நானும் வாய் நிறைய "ஓம், வாங்கோ" என்று சொல்லிவிட்டேனே.